திரை குற்றம்சாட்டும் கன்ட்ரோலர் உண்மையிலேயே கெட்டதுதானா?

எக்ஸ்கவேட்டரின் திரையில் 'இன்ஜின் கன்ட்ரோலருடன் தொடர்பு இல்லை' என்ற எச்சரிக்கை வந்ததும், பணியிடத்தில் யாராவது ஒருவர் கன்ட்ரோலர், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, போய்விட்டது என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். இயந்திரத்தில் விலை அதிகமான பாகங்களில் ஒன்றான அந்தப் பெட்டியை வரவழைத்து மாட்டுவார்கள். எச்சரிக்கை அப்படியே நிற்கும், அல்லது சில நாள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வரும். தொடர்புப் பழுதுகளில் கன்ட்ரோலரே குற்றவாளியாக இருப்பது அரிது. வயர், கனெக்டர், மின்சப்ளை, எர்த் ஆகிய நான்கும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் திரையில் வரும் வாசகம் ஒரு பெட்டியின் பெயரைச் சொல்லி விரல் நீட்டுவதால், கையும் அங்கேயே போய்விடுகிறது. எனவே அந்த வாசகம் எங்கிருந்து, யாரால் எழுதப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்றைய எக்ஸ்கவேட்டரில் இன்ஜினுக்கு ஒரு கன்ட்ரோலர், ஹைட்ராலிக் பம்புக்கும் வால்வுகளுக்கும் ஒன்று, கேபினில் மானிட்டர், செயற்கைக்கோள் அல்லது செல்பேசி வழியாகத் தகவல் அனுப்பும் பெட்டி ஒன்று என்று குறைந்தது நான்கைந்து கணினிகள் இருக்கின்றன. லோடர் என்றால் கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒன்று. புகைச் சுத்திகரிப்பு அமைப்பு உள்ள இன்ஜினில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்கள்கூடத் தமக்கென்று சிறு கன்ட்ரோலரோடு வருகின்றன. இவை பெரும்பாலும் ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்கின்றன. அந்த ஏற்பாட்டின் பெயர் கேன் பஸ். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் அறிமுகப்படுத்திய முறை அது. 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற சர்வதேசத் தரமாயிற்று. லாரி, கட்டுமான இயந்திரம், விவசாய இயந்திரம் ஆகியவற்றுக்காக அதன்மேல் எழுப்பப்பட்ட பொது மொழிதான் ஜே1939. உற்பத்தியாளர்கள் தத்தம் தனி மொழிகளையும் இதனோடு கலந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அடியில் இருக்கும் மின்சார விதிகள் ஏறக்குறைய எல்லா இயந்திரத்திலும் ஒன்றுதான்.

விதிகள் எளிமையானவை. முறுக்கப்பட்ட இரண்டு வயர்கள். ஜே1939 வழக்கப்படி மஞ்சள் நிறம் 'ஹை', பச்சை நிறம் 'லோ'. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் நிற்கும். ஒரு கன்ட்ரோலர் பேசும்போது ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்பவர்கள் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. ஆல்டர்னேட்டரோ சோலனாய்டோ கிளப்பும் மின் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே அளவில் ஏறுவதால், வித்தியாசம் மாறாது. முறுக்கு போட்டிருப்பது இதற்காகத்தான். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த சமிக்ஞையைக் குழப்பும். நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 4 மைக்ரோ நொடிதான். குழப்பத்துக்கு அதில் இடமில்லை. முதுகெலும்பு எனப்படும் பிரதான வயரின் நீளம் 40 மீட்டருக்குள், அதிலிருந்து பிரியும் கிளைகள் கவசமுள்ள வயரில் 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இதனால் வந்ததே.

இந்த வயரில் ஒவ்வொரு தகவலும் குறித்த இடைவெளியில் வந்துகொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் வேகம் நொடிக்குப் பல பத்து முறை ஒலிபரப்பாகும். குளிர்விப்பான் நீரின் வெப்பநிலை நொடிக்கு ஒருமுறை போதும். பம்ப் கன்ட்ரோலர் இன்ஜின் வேகத்துக்காகக் காத்திருக்கிறது. குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால், 'இன்ஜினிடமிருந்து தகவல் இல்லை' என்று தன் நினைவகத்தில் ஒரு குறியீட்டை எழுதுகிறது. பாதுகாப்புக்காகப் பம்பின் விசையையும் குறைத்துக்கொள்கிறது. ஆபரேட்டருக்கு அது 'பூம் (தூக்கும் கை) மெதுவாகத் தூக்குகிறது' என்ற புகாராகத் தெரியும். அதாவது, குறியீட்டை எழுதியது பேச்சு வராமல் காத்திருந்தவர். வகுப்புக்கு வராத மாணவனின் பெயரை வந்திருப்பவர்கள்தான் சொல்ல முடியும். ஆகவே திரையில் உள்ள குறியீட்டில் இரண்டு தகவல்களைத் தனித்தனியே படிக்க வேண்டும்: யாரைக் காணவில்லை, அதைச் சொல்வது யார். பல மானிட்டர்கள் முதலாவதை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும். இரண்டாவதைப் பார்க்க, குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவி தேவைப்படலாம். நோயறிதலில் அதிகம் உதவுவது அந்த இரண்டாவதுதான்.

இதற்கு முன்பாக ஒரு வடிகட்டல் இருக்கிறது. எல்லா மின்னணுப் பழுதும் தொடர்புப் பழுது இல்லை. ஜே1939 குறியீடு இரண்டு எண்களால் ஆனது: எந்தப் பொருள் என்பதைச் சொல்லும் எஸ்பிஎன், அதற்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் எஃப்எம்ஐ. எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் மிகை, 4 என்றால் வோல்டேஜ் குறைவு, 5 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. இவை மூன்றும் ஒரு சென்சாருக்கும் அதன் கன்ட்ரோலருக்கும் இடையிலான வயரைப் பற்றிய புகார்கள். எஃப்எம்ஐ 9 என்றால் தகவல் உரிய வேகத்தில் வரவில்லை. 19 என்றால் வந்த தகவல் பிழையானது. இந்த இரண்டும்தான் பஸ்ஸின் பக்கம் கைகாட்டுபவை. எஸ்பிஎன் 639 என்று வந்தால் அது நேரடியாக ஜே1939 பிணையத்தைப் பற்றியது. ஒரே நேரத்தில் ஐந்தாறு குறியீடுகள் குவிந்ததும் 'கேன் போய்விட்டது' என்று முடிவு கட்டுவதற்குமுன் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். மூன்று பிரஷர் சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையில் தொங்கிக்கொண்டிருக்கும்; அதில் ஒன்றின் வயர் சட்டத்தில் உரசி ஷார்ட் ஆனால் மூன்றுமே சேர்ந்து அலறும். அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸை அளந்துகொண்டிருந்தால் அன்றைய பொழுது வீண்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். இயந்திரத்தின் அருகில் வந்ததும் முதல் வேலையாகக் குறியீடுகளை அழிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒவ்வொரு குறியீட்டோடும் அது முதலில் இயந்திரம் ஓடிய எத்தனையாவது மணியில் வந்தது, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை வந்தது என்ற விவரம் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். இடைவிட்டு வரும் பழுதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகு அழித்து, சாவியைப் போட்டு, எவை உடனே திரும்புகின்றன என்று பார்க்கலாம்.

இனி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். இன்ஜின், பம்ப், மானிட்டர், தகவல் அனுப்பும் பெட்டி என நான்கு பேர் உள்ள பஸ். பம்பும் மானிட்டரும் பெட்டியும் 'இன்ஜினைக் காணவில்லை' என்கின்றன; மற்றவர்களுக்குள் பேச்சு நடக்கிறது. அப்படியானால் முதுகெலும்பு வயர் நலம். சிக்கல் இன்ஜின் கன்ட்ரோலரின் கிளையிலோ, சப்ளையிலோ, அதற்குள்ளேயோ இருக்கிறது. மானிட்டர் மட்டும் எல்லாரையும் காணவில்லை என்று சொல்லி, பம்பும் இன்ஜினும் ஒழுங்காக ஒத்துழைத்தால், மானிட்டரின் கிளையில் பழுது. எல்லாரும் எல்லாரையும் காணவில்லை என்றால், முதுகெலும்பில் ஷார்ட், அல்லது யாரோ ஒருவர் வயரை விடாமல் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கிறார். இந்த வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். அந்த இயந்திர மாடலுக்கும் வரிசை எண்ணுக்கும் உரிய மின்சுற்றுப் படம் கையில் இருந்தால், ஒரு ஸ்பேனரைத் தொடாமலே தேடவேண்டிய இடம் பாதிக்குமேல் சுருங்கிவிடும்.

இன்ஜினைக் காணவில்லை என்ற நிலையில் அடுத்த கேள்வி: இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா? ஆகி ஓடினால் அதன் கன்ட்ரோலருக்கு மின்சாரமும் எர்த்தும் கிடைக்கிறது, இன்ஜெக்டர்களை அது இயக்குகிறது, உயிரோடு இருக்கிறது. பேச்சு மட்டும் வெளியே வரவில்லை. அப்போது அந்தக் கிளையின் மஞ்சள், பச்சை வயர்களைத் தேடிப் போகலாம். ஸ்டார்ட் ஆகாவிட்டால், முதலில் சப்ளையைப் பார்க்க வேண்டும். சில இயந்திரங்களில் திருட்டுத் தடுப்பு அனுமதி பஸ் வழியாக வந்தால்தான் இன்ஜின் கிளம்பும். அந்த வகையில் பேச்சு அறுந்தாலே இன்ஜினும் கிளம்பாது. தன் இயந்திரம் எந்த வகை என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

சப்ளையைச் சோதிப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் காட்டும். 'கரண்ட் வருகிறது' என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லாத அளவு. இருபது இழைகள் உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்டேஜைக் காட்டும். ஓம் அளந்தாலும் நல்ல எண்ணே வரும். கன்ட்ரோலர் வேலை செய்யத் தொடங்கி சில ஆம்பியர் இழுத்ததும் அந்த ஒற்றை இழையில் வோல்டேஜ் சரிந்துவிடும். எனவே அந்தச் சுற்றில் ஒரு 24 வோல்ட், 21 வாட் பல்பைச் சுமையாக மாட்டி அளக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கலாக எரிந்தால் மீட்டரின் எண்ணை நம்ப வேண்டியதில்லை. எர்த் பக்கமும் இதே சோதனை: சுமை ஓடும்போது கன்ட்ரோலரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தால், வோல்ட்டின் சிறு பின்னத்துக்குமேல் காட்டக் கூடாது. பெயின்ட்டின்மேல் முடுக்கிய எர்த் போல்ட்டுகள் இந்தச் சோதனையில்தான் அகப்படும். இன்ஜினைச் செல்ஃப் அடிக்கும் கணத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பலவீனமான பேட்டரி அந்த நொடியில் கன்ட்ரோலரை மறுதொடக்கம் செய்ய வைத்துவிடும். பதிவாவது தொடர்புப் பழுது, காரணம் பேட்டரி.

அடுத்தது பஸ். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்கேனரை மாட்டும் சாக்கெட்டில் ஹை, லோ இரண்டுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். ஒன்பது பின் கொண்ட வட்டச் சாக்கெட்டாக இருந்தால் அவை சி, டி என்று குறிக்கப்பட்டவை. யூரியாக் கரைசல் அமைப்பு உள்ள இயந்திரங்களில் சாவியை எடுத்த பிறகும் யூரியா பம்ப் சில நிமிடம் ஓடிக் குழாய்களைக் காலி செய்யும். அது முடியும்வரை பொறுக்க வேண்டும். மீட்டர் 60 ஓமுக்கு அருகில் காட்டினால், 120 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் இணையாகத் தெரிகின்றன. 120 என்றால் ஒன்று காணாமல்போயிருக்கிறது, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் மூன்றாவதாக ஒன்று நுழைந்திருக்கிறது; உள்ளேயே ரெசிஸ்டர் உள்ள தவறான பாக எண் கொண்ட கன்ட்ரோலரை மாட்டியிருக்கக்கூடும். பூஜ்யத்தை ஒட்டினால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

60 வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. அது முதுகெலும்பின் நலத்தை மட்டுமே சொல்கிறது. கிளை ஒன்று அறுந்திருந்தாலும் எண் மாறாது. காணாமல்போன கன்ட்ரோலரின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கம் அதே அளவை எடுக்க வேண்டும். அங்கும் 60 வந்தால் கிளை சரி. முனை ரெசிஸ்டர் அந்தக் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் அமைப்பில், கழற்றிய நிலையில் 120 வருவதுதான் சரியான விடை. மின்சுற்றுப் படத்தைப் பார்க்காமல் இந்த எண்ணைப் படித்தால் நல்ல வயரைக் கெட்டதாகப் பிரித்துப்போட நேரிடும்.

பிறகு சாவியைப் போட்டு வோல்டேஜ் அளவு. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் எர்த்திலிருந்து ஹை 2.5க்குச் சற்று மேலும், லோ சற்றுக் கீழும் நிற்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 5ஐ ஒட்டி வரும். ஹை பூஜ்யத்தில் கிடந்தால் எர்த்தோடு ஷார்ட். ஏதாவது ஒன்று பேட்டரி வோல்டேஜை நோக்கி ஏறியிருந்தால் சப்ளை வயரோடு உரசல். இரண்டும் அசையாமல் ஒரே 2.5இல் நின்றால் யாரும் பேசவில்லை, அல்லது இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லோ மட்டும் எர்த்தில் ஒட்டினால் சில இயந்திரங்கள் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டே இருப்பதும் உண்டு. ஆபரேட்டருக்கு எப்போதாவது ஒருமுறை திரை இமைக்கும், அவ்வளவுதான்.

பஸ் மொத்தமும் படுத்துவிட்ட நிலையில் பாதியாகப் பிரிக்கும் உத்தி வேலையைச் சுருக்கும். மீட்டரை மாட்டிவைத்துக்கொண்டு, கேபினுக்கும் இன்ஜின் அறைக்கும் நடுவில் உள்ள கனெக்டரைக் கழற்றினால் ஷார்ட் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிறகு அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கன்ட்ரோலராகக் கழற்றலாம். நான் முதலில் கழற்றச் சொல்வது, இயந்திரம் ஆலையை விட்டு வந்தபின் யாரோ சேர்த்த பொருளை. வாகன இருப்பிடம் காட்டும் கருவி, எரிபொருள் கணக்குப் பெட்டி, எடை காட்டும் கருவி போன்றவை நீளமான கிளை வயரோடு, வயர் தோலை உரித்து ஒட்டப்பட்டிருக்கும். பஸ் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஓடும்போது 5,00,000 பிட் வேகத்துக்கு அமைக்கப்பட்ட கருவி ஒன்று நுழைந்தால், அது ஒன்றே எல்லாரின் பேச்சையும் பிழையாக்கிவிடும். அடுத்து நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்கள்: சூடான புகைக்குழாயின் அருகில் வாழ்பவை, உள்ளே ஷார்ட் ஆனால் தாம் இருக்கும் பஸ்ஸையே இழுத்துப்போட்டுவிடும்.

தொடர்பு போய்ப் போய் வருவதற்கு இன்னொரு காரணம் கேன் முறையிலேயே பொதிந்திருக்கிறது. ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் பிழைகளை எண்ணிக்கொள்கிறது. அனுப்புவதில் ஒரு பிழை வந்தால் எண்ணிக்கை 8 கூடும். ஒழுங்காக அனுப்பினால் 1 குறையும். 255ஐத் தாண்டினால் அது தன்னைத்தானே பஸ்ஸிலிருந்து விலக்கிக்கொள்ளும். தொடர்ந்து 32 முறை தவறினால் போதும். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, மறுபடி தவறி, மறுபடி விலகும். மானிட்டரில் அளவுமானி முட்கள் சீரான இடைவெளியில் விழுந்து எழுந்தால் இப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்று ஊகிக்கலாம். மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் அவரை நேரடியாகப் பார்க்க முடியும்: எர்த் கெட்ட கன்ட்ரோலர் பேசும் நேரத்தில் மட்டும் அலைவடிவம் மொத்தமாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

கனெக்டரைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். ரப்பர் சீலை நகர்த்தினால் பின்னின் அடியில் பச்சைப் படிவம் தெரியலாம். தண்ணீர் கனெக்டரின் வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பதில்லை. ஒரு மீட்டருக்கு அப்பால் தோல் கிழிந்த வயருக்குள் புகுந்து, செம்பு இழைகளின் இடுக்கு வழியே ஊர்ந்து கன்ட்ரோலரின் வாய்வரை வந்து சேரும். உயரழுத்த நீரால் இயந்திரத்தைக் கழுவிய மறுநாள் பழுது வருவதற்கு இதுதான் விளக்கம். படிவம் ஏதுமில்லாத, பார்வைக்குப் பளபளப்பான பின்னும் நம்பகமானதில்லை. அதே அளவுள்ள தனிப் பின் ஒன்றைச் சாக்கெட்டில் நுழைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையும் ஒரே இறுக்கத்தோடு பிடித்துவிட வேண்டும். ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அதன் உள்நாக்கு விரிந்துவிட்டது. பெரும்பாலும், யாரோ மீட்டரின் தடித்த முனையை முன்பக்கமாகக் குத்தி அளந்ததன் விளைவு. அதிர்வில் அது நொடியின் சிறு பகுதிக்கு விலகும். நின்ற நிலையில் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். வயர் தோலில் ஊசியைக் குத்தி அளப்பதும் இதே வகைக் குற்றம்: அந்தத் துளையில் தண்ணீர் குடியேறும். கனெக்டர் நிறைய கிரீஸ் அப்புவது பரவலான வழக்கம். சீல் உள்ள கனெக்டர்களுக்கு அது வேண்டாம் என்று பல உற்பத்தியாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

வயர் அறுபடும் இடங்களை ஊகிப்பது கடினமில்லை: அசையும் இடங்கள். லோடரின் நடு மூட்டு, சாய்க்கும் கேபினின் கீல், இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையிலான தொங்கல், ஹைட்ராலிக் குழாயோடு சேர்த்துக் கட்டிய கிளிப். அழுத்தம் ஏறும்போதெல்லாம் குழாய் துடிக்கும். அதோடு கட்டிய வயர் ஒவ்வொரு துடிப்பிலும் தேயும். ஸ்கேனரில் நேரடித் தகவலை ஓடவிட்டு, ஒருவர் வயர்க்கட்டை இடம் இடமாக அசைக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். சூடானபின் மட்டும் வரும் பழுதை, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது தேடிப் பயனில்லை.

பழுதுபார்க்கும்போது முறுக்கைக் கலைக்கக் கூடாது. இணைத்த இடத்தில் முறுக்கில்லாத நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும். இயந்திரத்தில் வெல்டிங் செய்வதற்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, உற்பத்தியாளர் சொல்லும் கன்ட்ரோலர் கனெக்டர்களைக் கழற்றி, வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். வெல்டிங் மின்னோட்டம் கன்ட்ரோலர் எர்த் வழியாகத் திரும்ப வழி வைக்கக் கூடாது.

சுமையோடு சோதித்த சப்ளை சரி, எர்த் சரி, அதன் வாயிலேயே பஸ்ஸின் ஓமும் வோல்டேஜும் சரி, பின்களின் இறுக்கமும் சரி. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கன்ட்ரோலர் வாய் திறக்கவில்லை என்றால் மாற்றலாம். புதிய பெட்டி வெறுமனே மாட்டினால் வேலை செய்யாது. அந்த இயந்திரத்துக்குரிய மென்பொருளும் அமைப்புகளும் ஏற்றப்பட வேண்டும். ஒரே முகவரியை இரண்டு கன்ட்ரோலர்கள் உரிமைகோரினால் ஒன்று விலகிவிடும். அப்போது திரையில் வருவதும் 'தொடர்பு இல்லை' என்ற அதே வாசகம்தான். பேசாமல்போன பழைய பெட்டியிலிருந்து அமைப்புகளைப் படித்தெடுக்க முடியாது. முன்பு சேமித்த கோப்பு இல்லாவிட்டால், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய திருத்தக் குறியீட்டை இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, இன்ஜெக்டர் தலையில் பொறித்திருப்பதைப் படித்துத்தான் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் இயந்திரம் எப்போது வேலைக்குத் திரும்பும் என்று உரிமையாளரிடம் சொல்ல வேண்டும்.